வெயிலில் இருந்து வெளிச்சம்: சூரியத் தகட்டைத் தெரிந்துகொள்வோம்



"கரண்ட் போயிருச்சு" என்ற சத்தம் லயத்தில் கேட்டதும் நம் கை முதலில் தேடுவது குப்பி லாம்பைத்தான். 2022 மார்ச் மாதக் கடைசியில் நாடு முழுவதும் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். அதே ஆண்டு ஆகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரு லீட்டர் 87 ரூபாயில் இருந்து 340 ரூபாய்க்கு ஏறியது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலும் மண்சரிவும் வந்தபோது, மலைநாட்டில் பல இடங்களில் கம்பமும் கம்பியும் சாய்ந்து லயங்கள் இருட்டில் கிடந்தன.

இதனால் இப்போது சூரியத் தகடு பற்றிப் பலரும் விசாரிக்கிறார்கள். தீபாவளி அட்வான்ஸ் கிடைக்கும் காலத்தில் "சோலார் செட்" விற்கிறவர்களும் தோட்டத்துக்கு வருகிறார்கள். வாங்கியவர்களில் சிலர் நன்றாகப் பாவிக்கிறார்கள். வேறு சிலர், "ஆறு மாசம் நல்லா எரிஞ்சிச்சு ஐயா, அப்புறம் செத்துப் போச்சு. தவணைக் காசு மட்டும் இன்னும் கட்டுறோம்" என்று சொல்கிறார்கள்.

அப்படிச் செத்துப்போன செட்டைப் பார்த்தால், பெரும்பாலும் கூரையில் உள்ள தகட்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. செத்தது உள்ளே இருக்கிற பெட்டரிதான். தகடு எப்படிக் கரண்ட் தருகிறது, பெட்டரி எதற்கு, ஒரு நாளைக்கு எவ்வளவு செலவழிக்கலாம் என்ற மூன்றும் தெரிந்த வீட்டில் இந்தச் செட் பல வருடம் நிற்கும். அதற்காகவே இந்தக் கட்டுரை.

குப்பி லாம்பின் ஆபத்து

மூடியில் ஓட்டை போட்டு, திரி விட்டு, பழைய போத்தலில் எரிக்கும் லாம்பு விலை குறைந்ததுதான். ஆனால் பூனை பாய்ந்தாலும், குழந்தை கை பட்டாலும் அது சரிந்து எண்ணெய் கொட்டும். பத்துக் காம்பரா ஒரே கூரையின் கீழ் இருக்கும் லயத்தில் ஒரு காம்பராவில் பிடித்த தீ மற்றவர்களையும் விடாது.

எரிகாயங்களோடு வந்தவர்களுக்குச் சிகிச்சை செய்த நம் நாட்டுச் சத்திர சிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, இந்த அவலத்தைப் பார்த்துத்தான் பாதுகாப்பான குப்பி லாம்பு ஒன்றை உருவாக்கினார். அது குட்டையாக, கனமாக இருக்கும். சரிந்தாலும் உருளாதபடி இரண்டு பக்கம் தட்டையாக இருக்கும். எண்ணெய் கொட்டாதபடி மூடி திருகி இறுக்கப்படும். இதற்காக 1998இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. வீட்டில் எண்ணெய் லாம்பு எரித்தே ஆக வேண்டும் என்றால் அப்படிப்பட்ட லாம்பை எரியுங்கள். ஆனால் நெருப்பே இல்லாத வெளிச்சம் கிடைத்தால் அதைவிட நல்லது ஒன்றும் இல்லை. படிக்கிற பிள்ளையின் கண்ணுக்கும் நெஞ்சுக்கும் புகை போகாது.

வெயில் எப்படிக் கரண்ட் ஆகிறது?

சூரியத் தகட்டைக் கிட்டப்போய் பார்த்தால், கறுப்பு அல்லது கருநீல நிறத்தில் கட்டம் கட்டமாகத் தெரியும். ஒவ்வொரு கட்டமும் ஒரு சூரிய மின்கலம். அது சிலிக்கன் என்ற பொருளால் ஆனது. மணலிலும் வெள்ளைக் கல்லிலும் சிலிக்கன் நிறைய இருக்கிறது. அதைப் பிரித்து, உருக்கி, சுத்தம் செய்து, மிக மெல்லிய வில்லையாக அறுக்கிறார்கள். இரண்டு மூன்று தலைமுடியைச் சேர்த்து வைத்த கனம்தான் இருக்கும். அதனால்தான் மேலே தடித்த கண்ணாடி போட்டிருக்கிறார்கள்.

எல்லாப் பொருளும் அணுக்களால் ஆனது, அணுவுக்குள் இலத்திரன் என்ற மிகச் சிறிய துணிக்கைகள் உண்டு என்று பிள்ளைகள் விஞ்ஞானப் பாடத்தில் படிக்கிறார்கள். இந்த இலத்திரன்கள் கம்பி வழியாக ஒரு பக்கமாக ஓடுவதைத்தான் நாம் கரண்ட் என்கிறோம். சிலிக்கனில் உள்ள இலத்திரன்கள் சாதாரணமாகத் தங்கள் அணுவோடு ஒட்டிக்கொண்டு சும்மா இருக்கும். வெளிச்சம் வந்து பட்டால், கரம் போட்டில் அடிகாய் மற்றக் காயைத் தட்டிவிடுகிற மாதிரி, அந்த வெளிச்சம் இலத்திரனைத் தட்டி விடுவிக்கிறது.

ஆனால் தட்டி விட்டால் மட்டும் போதாது. பெரட்டுக் களத்தில் பந்தை உதைத்தால் அது எந்தப் பக்கமும் போகலாம். அதே பந்தை மலைச் சரிவில் உதைத்தால் எந்தப் பக்கம் போகும்? கீழ்ப்பக்கம்தான். மின்கலத்துக்குள்ளும் அப்படி ஒரு சரிவு வேண்டும். அந்தச் சரிவை உண்டாக்கியதில்தான் விஞ்ஞானிகளின் கெட்டித்தனம் இருக்கிறது.

அதை இப்படிச் செய்கிறார்கள். சிலிக்கன் அணுவுக்கு வெளிப்புறத்தில் 4 இலத்திரன். பொசுபரசு அணுவுக்கு 5. போரன் அணுவுக்கு 3. வில்லையின் ஒரு பக்கத்தில் கொஞ்சம் பொசுபரசு கலந்தால் அங்கே இலத்திரன் மிச்சமாக இருக்கும். மறுபக்கத்தில் கொஞ்சம் போரன் கலந்தால் அங்கே இலத்திரனுக்கு இடம் காலியாக இருக்கும். இரண்டும் சந்திக்கிற எல்லையில், மிச்சமானவை சில காலி இடத்துக்குத் தாவும். அந்தத் தாவலால் எல்லையில் ஒரு மின் சரிவு நிரந்தரமாக உண்டாகிவிடுகிறது. அதன் பிறகு வெளிச்சம் தட்டிவிடும் இலத்திரன்களை இந்தச் சரிவு ஒரே பக்கமாகத் தள்ளும். அவை பொசுபரசு உள்ள மேல்பக்கத்தில் வந்து குவியும்.

குவிந்தவை திரும்பப் போக வழி தேடும். சரிவில் ஏறி நேராகத் திரும்ப முடியாது. மேலே தெரிகிற மெல்லிய வெள்ளைக் கோடுகள் உலோகக் கம்பிகள். அவற்றில் ஏறி, வயர் வழியாக வெளியே வந்து, பல்புக்குள் போய், அதை எரிய வைத்து, கடைசியில் மின்கலத்தின் அடிப்பக்கத்தில் போய்ச் சேர்கின்றன. அங்கிருந்து மறுபடி வெளிச்சம் தட்டும், மறுபடி ஓட்டம். வெளிச்சம் படுகிற வரைக்கும் இது நிற்காது.

இதில் எதுவும் எரிவதில்லை, எதுவும் தீர்ந்து போவதும் இல்லை. சுற்றி ஓடுவது அதே இலத்திரன்கள்தான். உள்ளே அசைகிற பாகமும் கிடையாது. ஆகவேதான் நல்ல தகடு 25 வருடத்துக்கு மேல் உழைக்கிறது. வயதாக ஆகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பலம் குறையுமே தவிர, திடீரென்று சாகாது.

ஒரு மின்கலம் தருவது சுமார் அரை வோல்ட் மட்டுமே. டோர்ச் லைட் பெட்டரி ஒன்றில்கூட ஒன்றரை வோல்ட் இருக்கிறது. அதனால் மின்கலங்களை ஒன்றோடு ஒன்று தொடராக இணைக்கிறார்கள். 12 வோல்ட் பெட்டரிக்கு உரிய தகட்டில் வழக்கமாக 36 மின்கலங்கள் இருக்கும். அது நல்ல வெயிலில் சுமார் 18 வோல்ட் தரும். "12க்கு எதற்கு 18?" என்று கேட்கலாம். பீலித் தண்ணீர் மேட்டில் இருந்தால்தான் பள்ளத்தில் இருக்கும் டாங்கிக்குள் தானாக இறங்கும். அதே மாதிரி தகட்டின் வோல்ட் உயர்ந்திருந்தால்தான் கரண்ட் பெட்டரிக்குள் போகும்.

விண்வெளியில் கிடைத்த பாடம்

வெளிச்சம் பட்டால் மின்சாரம் உண்டாகும் என்பதை 1839இல் பிரான்ஸ் நாட்டு எட்மண்ட் பெக்கரெல் கண்டறிந்தார். அப்போது அவருக்கு வயது 19. வெளிச்சம் இலத்திரனைத் தட்டிவிடும் விதத்தை 1905இல் ஐன்ஸ்டைன் விளக்கினார். 1921ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு அவருக்கு இதற்காகத்தான் கிடைத்தது. 1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் சாப்பின், புல்லர், பியர்சன் என்ற மூவர் நாம் இன்று பாவிக்கும் சிலிக்கன் மின்கலத்தைச் செய்து காட்டினார்கள். பட்ட வெளிச்சத்தில் நூற்றுக்கு 6 பங்கைத்தான் அது மின்சாரமாக மாற்றியது. இன்று கடையில் கிடைக்கும் நல்ல தகடு நூற்றுக்கு 20 பங்கு அளவில் மாற்றுகிறது.

1958இல் வங்காட் 1 என்ற சிறிய செயற்கைக் கோளை விண்ணுக்கு அனுப்பினார்கள். அதில் இரண்டு ரேடியோ அனுப்பிகள் இருந்தன. ஒன்று பெட்டரியில் வேலை செய்தது, மற்றது சூரிய மின்கலத்தில் வேலை செய்தது. பெட்டரியில் வேலை செய்தது சில மாதங்களில் நின்றுவிட்டது. மின்கலத்தில் வேலை செய்தது 1964 வரை செய்தி அனுப்பியது. பெட்டரிக்குத்தான் ஆயுள் குறைவு என்பது அன்றைக்கே தெரிந்த சங்கதி. நம் லயத்துச் செட்டுக்கும் அதே கதைதான்.

சூடு வேண்டாம், வெளிச்சம் வேண்டும்

"நுவரெலியாக் குளிரிலே சோலார் எப்படி வேலை செய்யும்?" என்று கேட்பவர்கள் உண்டு. தகட்டுக்கு வேண்டியது வெளிச்சம்தான். உண்மையில் தகடு அதிகமாகச் சூடானால் அதன் பலம் குறையும். குளிர் காற்று வீசும் மலையில், வெயில் தெளிவாக அடிக்கும்போது தகடு மிக நன்றாக வேலை செய்யும். நமக்கு எதிரி குளிர் அல்ல. பனிமூட்டமும் மழை மேகமும்தான்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். கணக்குப் பார்க்கும் கல்குலேட்டரின் தலைப்பக்கத்தில் சிறிய கறுப்புப் பட்டி இருக்கும். உள்ளே பெட்டரி இல்லாத வகையாக இருந்தால், அந்தப் பட்டியை விரலால் முழுவதும் மூடிப் பாருங்கள். எண்கள் மங்கி மறையும். விரலை எடுத்தால் திரும்ப வரும். அங்கே சூடு ஒன்றும் இல்லை, வெளிச்சம் மட்டுமே.

பனிமூட்ட நாளில் அரைப் பேர்

நமக்கு முழு நாள் வேலை செய்தால் ஒரு பேர், பாதி நாள் என்றால் அரைப் பேர். தகட்டுக்கும் இப்படித்தான். தெளிந்த நாளில் முழுப் பேர். மேகம் மூடிய நாளில் அரைப் பேர். மூடுபனி விலகாமல் தூறல் விழுந்துகொண்டே இருந்தால் கால் பேர்கூடத் தேறாது.

நம் மலைநாட்டில் மழை இரண்டு பக்கமும் ஒரே காலத்தில் வருவதில்லை. மே முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேல் பருவக்காற்று ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட், கினிகத்தேனைப் பக்கத்தை நனைக்கும். அந்தக் காலத்தில் ஊவாப் பக்கம் வெயில் அடிக்கும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று பதுளை, பசறை, லுணுகலைப் பக்கம் மழை கொட்டும். ஆகவே மஸ்கெலியாவில் இருப்பவர் ஜனவரி வெயிலைப் பார்த்துக் கணக்குப் போட்டு செட் வாங்கினால் ஜூலையில் ஏமாந்து போவார். உங்கள் பக்கத்து மழைக் காலத்தை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

வரவு செலவுக் கணக்கு

சின்ன உதாரணம் ஒன்று பார்ப்போம். உங்களிடம் 50 வாட் தகடு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சுமார் 2 அடிக்கு 2 அடி அளவு இருக்கும். காலையும் மாலையும் வெளிச்சம் குறைவு. எல்லாம் சேர்த்து, நல்ல நாள் ஒன்றில் 4 மணித்தியாலம் முழு வெயில் கிடைத்த மாதிரி ஆகும். 50ஐ 4ஆல் பெருக்கினால் 200 வாட் மணி. வயரிலும் பெட்டரியிலும் கொஞ்சம் வீணாகும். கைக்கு வருவது சுமார் 140 வாட் மணி. மின்சார பில்லில் ஒரு யூனிட் என்பது 1000 வாட் மணி. ஆகவே ஒரு நாள் முழுவதும் இந்தத் தகடு சம்பாதிப்பது ஒரு யூனிட்டில் ஏழில் ஒரு பங்குதான்.

இனிச் செலவைப் பார்ப்போம். 5 வாட் எல்.ஈ.டி. பல்ப் இரண்டு, இரவில் 4 மணித்தியாலம் எரிந்தால் 40 வாட் மணி. இரண்டு கைத்தொலைபேசி சார்ஜ் பண்ண சுமார் 30. 3 வாட் ரேடியோ 4 மணித்தியாலம் பாடினால் 12. மொத்தம் 82. வரவு 140, செலவு 82. கையில் மிச்சம் இருக்கிறது.

மூடுபனி நாளில் என்ன ஆகும்? முழு வெயில் ஒன்றரை மணித்தியாலம் மட்டும் என்று வைத்துக்கொண்டால், கைக்கு வருவது சுமார் 50. செலவு அதே 82 என்றால் 32 கடன். ஒரு நாள் என்றால் பரவாயில்லை. ஒரு கிழமை தொடர்ந்தால் பெட்டரி காலியாகும். ஆகவே மழைக் காலத்தில் பல்பும் ரேடியோவும் போதும், போனை வேறு இடத்தில் சார்ஜ் பண்ணுவோம் என்று வீட்டில் ஒரு முடிவு எடுக்க வேண்டும். சம்பளம் குறைந்த மாதத்தில் கடைச் சாமானைக் குறைக்கிறோம் அல்லவா, அது மாதிரிதான்.

தண்ணீர் கொதிக்க வைக்கும் எலக்ட்ரிக் கேத்தல் 1500 வாட் வரை எடுக்கும். அது 5 நிமிடம் ஓடினால் 125 வாட் மணி போய்விடும். தகடு பகல் முழுவதும் சேர்த்ததை ஒரு கேத்தல் தண்ணீர் குடித்துவிடும்! ஸ்திரிக்கைப் பெட்டி, ரைஸ் குக்கர், ஹீட்டர் எல்லாம் இதே சாதிதான். சூடாக்குகிற சாமான் எதையும் சின்ன சோலார் செட்டில் கொடுக்கவே கூடாது. வெளிச்சமும் சத்தமும் கொஞ்சம் கரண்டில் கிடைக்கும். சூடு அப்படிக் கிடைக்காது.

பெட்டரி என்னும் சேமிப்புப் புத்தகம்

தகடு எதையும் சேர்த்து வைக்காது. வெளிச்சம் இருக்கிறபோது தரும், இருட்டினால் நிறுத்தும். நமக்கோ இரவில்தான் வெளிச்சம் வேண்டும். ஆகவே பகலில் வந்ததைப் போட்டு வைக்கப் பெட்டரி வேண்டும். அதைத் தபால் கந்தோர் சேமிப்புப் புத்தகம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. சேமிப்புப் புத்தகத்தில் எல்லாக் காசையும் எடுத்தாலும் புத்தகத்துக்கு ஒன்றும் ஆகாது. பெட்டரியை வழித்து எடுத்தால் பெட்டரியே கெட்டுவிடும்.

ஈயமும் அமிலமும் உள்ள பெட்டரியில் பாதிக்கு மேல் எடுக்கக்கூடாது. 12 வோல்ட், 40 ஆம்பியர் மணி என்று எழுதியிருந்தால் 480 வாட் மணி கொள்ளும். அதில் 240தான் நமது. மேலே சொன்ன 82 செலவுக்குக் கிட்டத்தட்ட 3 நாள் தாங்கும். அதற்கு மேல் எடுத்து, நாட்கணக்கில் சார்ஜ் இல்லாமல் விட்டால், உள்ளே ஈயத் தகடுகளில் வெள்ளைப் படிவு ஏறி இறுகிவிடும். அதன் பிறகு எவ்வளவு வெயில் அடித்தாலும் பெட்டரி பிடிக்காது. "ஆறு மாசத்தில் செத்துப் போச்சு" என்ற கதைகளில் பலவற்றுக்குக் காரணம் இதுதான்.

இதைத் தடுக்கத்தான் தகட்டுக்கும் பெட்டரிக்கும் நடுவில் சார்ஜ் கன்ட்ரோலர் என்ற சின்னப் பெட்டி வைக்கிறார்கள். பெட்டரி நிறைந்தால் தகட்டில் இருந்து வருவதைக் குறைக்கும். பெட்டரி இறங்கினால் லைட்டை நிறுத்தும். சில வீடுகளில், "டீவி பார்க்கிறப்போ இது நிறுத்திருது" என்று சொல்லி, வயரை நேராகப் பெட்டரியில் கொடுத்துவிடுகிறார்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். அந்தப் பெட்டி நம்மைத் தொந்தரவு செய்ய நிறுத்துவதில்லை. பெட்டரியைக் காப்பாற்றத்தான் நிறுத்துகிறது. கன்ட்ரோலர் நிறுத்திவிட்டால் அன்றைக்குக் காசு முடிந்தது என்று அர்த்தம்.

நன்றாகப் பார்த்துக்கொண்டால் ஈயப் பெட்டரி 3 முதல் 5 வருடம் வரை உழைக்கும். இப்போது லிதியம் பெட்டரியும் வருகிறது. பாரம் குறைவு, ஆயுள் அதிகம், பாதிக்கு மேலும் எடுக்கலாம். ஆனால் விலை கூட. அதற்கு உரிய கன்ட்ரோலரோடுதான் அதைப் பாவிக்க வேண்டும்.

பெட்டரி விஷயத்தில் தாய்மார்கள் கவனிக்க வேண்டியவை:

பெட்டரியைப் படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வைக்காமல், காற்றோட்டமான இடத்தில், பிள்ளைகள் தொடாதபடி மரப்பெட்டிக்குள் வையுங்கள். சார்ஜ் ஆகும்போது தீப்பற்றும் வாயு வெளிவரும். பக்கத்தில் அடுப்பு, லாம்பு, பீடி எதுவும் ஆகாது.

மூடி திறக்கும் வகைப் பெட்டரிக்குக் காய்ச்சி வடித்த பெட்டரித் தண்ணீர் மட்டும் ஊற்ற வேண்டும். பீலித் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் ஊற்றக்கூடாது. அதில் உள்ள உப்புகள் பெட்டரியைக் கெடுக்கும்.

உள்ளே இருப்பது கந்தக அமிலம். கண்ணிலோ தோலிலோ பட்டால் உடனே ஓடும் தண்ணீரில் 20 நிமிடமாவது கழுவி, தாமதிக்காமல் டிஸ்பென்சரிக்குப் போக வேண்டும்.

பழைய பெட்டரியை லயத்தின் பின்புறம் போடாதீர்கள், உடைக்காதீர்கள். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சு. பெட்டரிக் கடையில் கொடுத்தால் எடுத்துக்கொள்வார்கள், காசும் கிடைக்கும்.

தகட்டை எங்கே, எப்படி மாட்டுவது?

இலங்கை பூமியின் நடுக்கோட்டுக்குக் கொஞ்சம் வடக்கே இருக்கிறது. ஆகவே தகட்டைத் தெற்குப் பார்த்து, 10 முதல் 15 பாகை சரித்து வைக்க வேண்டும். சரிவு இருந்தால் மழைத் தண்ணீர் வழிந்து தூசியையும் கழுவிக்கொண்டு போகும்.

நிழல் விழக்கூடாது. இதில் பலரும் ஏமாறுவது உண்டு. "ஒரு மூலையிலேதானே சவுக்கு மரத்து நிழல் விழுது" என்று நினைப்போம். ஆனால் மின்கலங்கள் தொடராக இணைந்திருப்பதால், ஒரு கட்டத்தில் நிழல் விழுந்தாலும் மற்றவற்றின் ஓட்டமும் தடைப்படும். தண்ணீர்க் குழாயில் ஒரு இடத்தில் அடைத்தால் முழுக் குழாயும் நிற்கிற மாதிரி. காலை 9 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை நிழல் படாத இடமாகத் தேடுங்கள். அடுப்புப் புகை படியும் இடமும் ஆகாது. மாதத்துக்கு இரண்டு தடவை ஈரத் துணியால் துடைத்தால் போதும். மண் போட்டுத் தேய்த்தால் கண்ணாடி கீறும்.

லயக் கூரை நமக்குச் சொந்தமானது அல்ல, பல குடும்பங்களுக்குப் பொதுவானதும்கூட. தகரத்தில் ஆணி அடித்து ஓட்டை போட்டால் அடுத்த காம்பராவுக்கும் ஒழுகும். ஆகவே முதலில் தோட்ட நிர்வாகத்திடம் சொல்லி அனுமதி எடுங்கள். முற்றத்தில் உறுதியான இரும்புக் கம்பம் நட்டு அதில் மாட்டுவது பல இடங்களில் நல்ல வழி. மழையில் நனைந்த தகரத்தின் மேல் யாரும் ஏற வேண்டாம். விழுந்து இடுப்பு உடைந்தால் எந்தச் சோலாரும் அதைத் திருப்பித் தராது.

இன்னும் எங்கெங்கே பாவிக்கிறார்கள்?

எங்கே கம்பி போய்ச் சேராதோ அங்கேதான் சூரிய மின்கலத்துக்கு முதல் மதிப்பு. விண்வெளிக் கோள்கள், யானை வராமல் தடுக்கும் மின்வேலிகள், தெரு விளக்குகள், வரண்ட பகுதித் தண்ணீர்ப் பம்புகள், தடுப்பூசி வைக்கும் குளிர்சாதனப் பெட்டிகள் என்று பலவற்றுக்கும் அதைப் பாவிக்கிறார்கள். நம் நாட்டிலும் 1997 முதல் 2011 வரை உலக வங்கியின் உதவியோடு நடந்த திட்டங்களில், கம்பி எட்டாத கிராமங்களில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான வீடுகளுக்குச் சோலார் செட் போனது. பிறகு கம்பி வந்த ஊர்களில் பலர் அவற்றை ஒதுக்கி வைத்தார்கள். மின்வெட்டு வந்தபோதுதான் பலருக்கு அதன் அருமை மறுபடி தெரிந்தது.

முழுச் செட் வாங்க வசதி இல்லாதவர்கள் சிறிய சோலார் லாம்பைப் பார்க்கலாம். கை அளவு தகடும் பெட்டரியும் அதிலேயே இருக்கும். பகலில் இஸ்தோப்புக்கு வெளியே வெயிலில் வைத்தால் இரவில் ஒரு பிள்ளை படிக்கப் போதும். இருட்டில் வெளியே கழிவறைக்குப் போகிற பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் இது பெரிய துணை.

இரண்டு விஷயங்களைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஹோட்டல் கூரைகளில் தண்ணீர் டாங்கியோடு சேர்ந்து குழாய் குழாயாகத் தெரிவது வெந்நீர் போடும் கருவி. அது வெயிலின் சூட்டைப் பிடிக்கிறது, கரண்ட் தராது. இன்னொன்று, 2016இல் அரசாங்கம் தொடங்கிய சூரிய பல சங்கிராமய திட்டத்தின் கீழ் பெரிய வீடுகளின் கூரையில் மாட்டியவை. அவை மின்சார சபைக் கம்பியோடு இணைந்தவை. பகலில் மிஞ்சுவதைக் கம்பிக்குக் கொடுக்கின்றன. பெட்டரி இல்லாத அந்த வகை, ஊரில் கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்கிறவரைக் கரண்ட் அடிக்காமல் காக்கவே அப்படி அமைத்திருக்கிறார்கள். மின்வெட்டு நேரத்தில் வெளிச்சம் வேண்டும் என்பவர் பெட்டரியோடு உள்ள செட்டைத்தான் கேட்க வேண்டும்.

கையெழுத்துப் போடும் முன்

விற்பனைக்காரர் வந்தால், அவர் காட்டும் படத்தையும் எரியும் பல்பையும் மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்:

தகடு எத்தனை வாட்? பின்பக்கத்தில் எழுதியிருக்கிறதா?

பெட்டரி எந்த வகை, எத்தனை ஆம்பியர் மணி?

சார்ஜ் கன்ட்ரோலர் செட்டில் சேர்ந்திருக்கிறதா?

தகட்டுக்கு எத்தனை வருட உத்தரவாதம்? பெட்டரிக்கு எத்தனை? இரண்டும் தனித்தனியாக எழுத்தில் வேண்டும். "25 வருடம் உத்தரவாதம்" என்று சொன்னால் அது தகட்டுக்கு மட்டும்தான்.

பழுது வந்தால் யார் வருவார்? கடை எந்த ஊரில்?

முழுத் தவணையும் கூட்டினால் எவ்வளவு? கைக்காசுக்கு வாங்கினால் எவ்வளவு? தவணை முடியும் முன்பு பெட்டரி மாற்ற வேண்டி வந்தால் செலவு யாருடையது?

பத்திரம் வாசிக்கக் கஷ்டம் என்றால், உயர்தரம் படிக்கும் பிள்ளையைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்கள், அல்லது எங்கள் நலன்புரிக் காரியாலயத்துக்குக் கொண்டு வாருங்கள். அவசரப்படுத்துகிறவரிடம், "நாளைக்கு வாங்க" என்று சொல்லத் தயங்க வேண்டாம். உங்கள் வீட்டுச் செலவுக் கணக்கை, மேலே நாம் போட்ட மாதிரி, ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். எத்தனை பல்ப், எத்தனை மணித்தியாலம் என்று கணக்கோடு கேட்கிறவரை யாராலும் சுலபமாக ஏமாற்ற முடியாது.

ஏற்கனவே செட் வாங்கி, அது செத்துவிட்டது என்று மூலையில் வைத்திருப்பவர்கள் தகட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், பழைய இரும்புக்கும் கொடுத்துவிடாதீர்கள். கண்ணாடி உடையாமல் இருந்தால், தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் வெயிலில் வைத்து வோல்ட் பார்க்கச் சொல்லுங்கள். 36 மின்கலம் உள்ள தகடு, ஒன்றோடும் இணைக்காமல் நல்ல வெயிலில் 20 வோல்ட்டுக்குக் கிட்ட காட்டினால், பெரும்பாலும் அது உயிரோடுதான் இருக்கிறது. ஒரு நல்ல பெட்டரியும் கன்ட்ரோலரும் போட்டால் அந்த வீட்டில் மறுபடி விளக்கு எரியும்.

வெயில் யாருக்கும் பில் அனுப்புவதில்லை. ஆனால் அதை வாங்கி வைக்கிற பெட்டரிக்கு ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கை வீட்டில் பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து பழகிக்கொள்ளுங்கள்.